கயிறு தளரும் அந்த ஒரு கணம்

கைட்போர்டிங் கைட் விற்கும் நிறுவனங்களின் விவரப் பட்டியலைப் புரட்டினால், உயரத் தாவல், அலை, ஃப்ரீஸ்டைல், ஃபாயில் என்று கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து என்று மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். ஒரே கைட் எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பில் தேறியிருக்கும். வாங்க வந்தவர் குழம்பாமல் என்ன செய்வார்? உயரத் தாவலுக்கு ஒரு கைட்டிடம் எதிர்பார்ப்பதும் ஃப்ரீஸ்டைலுக்கு எதிர்பார்ப்பதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்றில் முழு மதிப்பெண் வாங்கிய கைட் மற்றதில் எங்கோ விட்டுக்கொடுத்துத்தான் இருக்கும். அது எங்கே என்று தெரிந்துகொண்டால், அதே பட்டியலை வைத்துக்கொண்டே நமக்கு வேண்டியதைப் பொறுக்கிவிடலாம்.

உயரத் தாவலில் ஓட்டுபவர் கடைசிவரை, இடுப்பில் கட்டிய ஹார்னஸின் கொக்கியில் மாட்டியபடியே இருக்கிறார். கைட்டைத் தலைக்கு மேலே வேகமாகக் கொண்டுபோய், கைப்பிடித் தண்டான பாரை உள்ளே இழுக்கிறார். கைட் அவரைத் தூக்குகிறது; எவ்வளவு நேரம் அந்தரத்தில் வைத்திருக்கிறதோ அவ்வளவுக்கு அது நல்ல கைட். கைட்டிலிருந்து பாருக்கு வரும் கயிறுகளான லைன்கள் முழு நேரமும் விறைப்பாகவே இருக்கும். இருக்கவும் வேண்டும்.

ஃப்ரீஸ்டைலில் கதை வேறு. கைட்டைத் தலைக்கு மேலே கொண்டுபோவதில்லை. ஏறத்தாழ 45 டிகிரி உயரத்தில், கைட்காரர்கள் சொல்லும் கடிகாரக் கணக்கில் பத்தரை மணி அல்லது ஒன்றரை மணி நிலையில், அதை நிறுத்திவைக்கிறார். பிறகு சிக்கன் லூப் எனப்படும் வளையத்தைக் கொக்கியிலிருந்து கழற்றிவிடுகிறார். இப்போது அவரையும் கைட்டையும் இணைத்துப் பிடித்திருப்பவை அவருடைய இரண்டு கைகள்தான். பலகையின் குதிகால் பக்க விளிம்பை நீரில் அழுத்தி, காற்று வரும் திசை நோக்கித் திரும்ப, லைன்களில் இழுவிசை ஏறிக்கொண்டே போகிறது. அது உச்சத்தைத் தொடும்போது பின்காலால் உதைத்து நீரைவிட்டு எழும்புகிறார். இதைத்தான் பாப் என்கிறார்கள். தூக்கியது பலகையும் காலும் சேர்ந்து தேக்கிவைத்த விசை. அதில் கைட்டின் பங்கு குறைவு.

எழும்பிய அதே கணத்தில் உடல் மேலேயும் கைட் இருக்கும் பக்கமாகவும் நகர்கிறது. கைட் தானாக முன்னே பாயாமல் அதே இடத்தில் நின்றால் இடைவெளி சற்றுக் குறைந்து லைன்கள் தளரும். இதற்கு ஸ்லாக் என்று பெயர். ஒரு நொடி இருக்குமா என்பதே சந்தேகம். அந்தச் சிறு அவகாசத்துக்குள் பாரை ஒரு கையிலிருந்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறு கைக்கு மாற்றிவிட வேண்டும். ஹேண்டில் பாஸ் என்னும் அந்த வித்தைதான் பேக் மோப், 313 போன்ற சாகசங்களுக்கெல்லாம் முதுகெலும்பு. லைன் விறைப்பாக இருந்தால் பார் இடுப்புப் பக்கமே வராது. கை தோள்பட்டையோடு பிய்த்துக்கொண்டு போகும். தளர்வு அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். இறங்கும்போது கைட் இழுக்காமல் போனால் பலகை நீரில் புதையும்; அல்லது விழுந்துகொண்டிருந்த கைட் திடீரென்று காற்றைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி இழுக்கும்.

ஆக, ஃப்ரீஸ்டைல் கைட்டிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்: எழும்பும்போது தூக்காதே, எழும்பிய பிறகு சற்று விட்டுக்கொடு, இறங்கும்போது மெதுவாக மறுபடி பிடி. அந்தரத்தில் தாங்கிப் பிடிக்கும் கைட் இதைச் செய்யாது. பட்டியலில் இரண்டுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டவர் ஒன்றில் தாராளமாக இருந்திருக்கிறார்.

இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் வடிவத்திலிருந்தும் லைன்கள் கட்டப்பட்டிருக்கும் விதத்திலிருந்தும். பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகாய்ன்யூ சகோதரர்கள் காற்றடைத்த குழாய் கொண்ட கைட்டுக்கு 1984 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மிதந்து, மறுபடி எழும்பக்கூடிய கைட் அது. விபிகா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது 1997 வாக்கில். அந்தக் கால கைட்டை எதிரே நின்று பார்த்தால் ஆங்கில எழுத்து சி-யைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். இரண்டு ஓரங்களும் செங்குத்தாகக் கீழே இறங்கும். முன் லைன் இரண்டும் பின் லைன் இரண்டும் அந்த ஓரங்களின் மூலைகளில் நேரடியாகக் கட்டப்பட்டிருக்கும். நடுவில் வேறு கயிறு கிடையாது. சில மாதிரிகளில் மட்டும் ஐந்தாவது லைன் ஒன்று முன்விளிம்பின் நடுப்பகுதிக்குப் போகும். இதுதான் சி கைட்.

புரூனோ லெகாய்ன்யூவே பிறகு இன்னொரு வடிவத்தையும் கொண்டுவந்தார். 2005 வாக்கில் கப்ரினா நிறுவனத்தின் கிராஸ்போ வழியாகப் பரவலாக அறிமுகமானது அது. வில்லைப் போலத் தட்டையாக விரிந்த கைட்; பின்விளிம்பு உள்வாங்கியிருக்கும்; முன்விளிம்புக் குழாயைப் பல இடங்களில் தாங்கிப் பிடிக்கும் ஒரு கயிற்றுத் தொகுதியும் உண்டு. வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பட்டத்துக்கு முச்சை கட்டுவதுபோலத்தான். முச்சை முடிச்சை ஒரு விரல்கடை மேலே நகர்த்தினால் பட்டம் காற்றுக்கு முகம் கொடுக்கும் கோணமே மாறிவிடும் அல்லவா? வில் கைட்டில் ஓட்டுபவர் அந்தக் கோணத்தைப் பறக்கும்போதே பாரைத் தள்ளி, இழுத்து மாற்றிக்கொள்ளலாம். பாரை முழுதாகத் தள்ளிவிட்டால் கைட்டின் இழுவிசை கிட்டத்தட்ட இல்லாமலே போகும். டிபவர் என்பது இதுதான். இந்த விளையாட்டின் பாதுகாப்பு வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்தாலும் தவறில்லை.

விளையாட்டே வில் கைட் பக்கம் சாய்ந்த அந்த ஆண்டுகளில் போட்டி ஃப்ரீஸ்டைல்காரர்கள் மட்டும் சி கைட்டை விடவில்லை. 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பிரிட்டனின் ஏரன் ஹாட்லோவின் தலைமுறை முழுக்க சி வடிவத்தில் வளர்ந்ததுதான். அதைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. காரணம், கொக்கியைக் கழற்றியவுடன் கைட்டுக்கு என்ன நேர்கிறது என்பதில் இருக்கிறது. இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கலாம். கைட் வாங்கியவர்களில் பாதிப் பேருடைய ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது.

கொக்கியில் மாட்டியிருக்கும்போது நம் உடல் எடையின் பெரும்பகுதியை முன் லைன்கள் ஏற்கின்றன. பாரைத் தள்ளினால் பின் லைன்கள் தளரும், இழுத்தால் இறுகும். கொக்கியைக் கழற்றியதும் சிக்கன் லூப்பைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. முன் லைன்கள் அதை மேலே இழுக்க, அது போய்ப் பாரின் அடியில் முட்டி நிற்கும். அதாவது பார் முழுவதுமாக உள்ளே இழுக்கப்பட்ட நிலை. அதற்குப் பிறகு தள்ளுவதற்கும் இடமில்லை, இழுப்பதற்கும் இடமில்லை. கைட்டுக்கு அந்த ஒரே கோணம்தான்.

டிபவர் வீச்சு அதிகமுள்ள வில் கைட்டில் அந்தக் கோணம் பெரும்பாலும் அளவுக்கு மீறியதாக இருக்கும். பின்விளிம்பு அதிகமாக இழுபட்டு, கைட் காற்றோட்டத்தை இழந்து பின்பக்கமாகச் சரியும். பேக் ஸ்டால் என்பார்கள். சி கைட்டின் வீச்சே குறுகலானது. முழுக்க இழுத்த நிலைக்கும் இயல்பாகப் பறக்கும் நிலைக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அதனால் கொக்கி கழன்றாலும் அது பதறுவதில்லை. நின்ற இடத்தில் நிற்கும். முச்சையின் இடையீடு இல்லாததால் பாரில் செய்வது நேராக ஓரங்களுக்குப் போகும்; கைட் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே கை சொல்லிவிடும். முதுகைக் காட்டிச் சுழல்பவருக்கு இது சாதாரண வசதி இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. சி கைட்டின் துணியில் கணிசமான பகுதி செங்குத்தான ஓரங்களில் இருப்பதால், அதே சதுர மீட்டர் கொண்ட வில் கைட்டைவிட அது இழுப்பது குறைவு; ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டிவரும். காற்று திடீரென்று கூடினால் பாரைத் தள்ளித் தப்பிக்க அதிக வழியில்லை. தண்ணீரில் விழுந்தால் வில் கைட் ஏறக்குறையத் தானாகவே புரண்டு எழும்; சி கைட்டை எழுப்பத் தனித் திறமை வேண்டும். கைட்டைச் சுழற்றினால் அது பறக்கும் வளையம் பெரிது, இழுவையும் முரட்டுத்தனமானது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றைய சந்தையின் பெரும்பகுதி இருக்கிறது. ஓப்பன் சி, ஹைப்ரிட் என்று பல பெயர்கள். சி கைட்டை ஓரளவு விரித்து, சிறிய முச்சை ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். முச்சை எவ்வளவு குட்டையோ, அதில் உருளைகள் எவ்வளவு குறைவோ, ஓரங்கள் எவ்வளவு சதுரமோ அவ்வளவுக்கு அது சி பக்கம் சாய்ந்தது என்று கொள்ளலாம். ஸ்லிங்ஷாட் ஃப்யூயல் அசல் சி வடிவத்துக்கு நீண்ட காலமாகப் பெயர் போனது; அதே நிறுவனத்தின் ஆர்பிஎம் ஹைப்ரிட் வகை. முன்பு நார்த் என்றும் 2018 முதல் டுவோடோன் என்றும் அறியப்படும் நிறுவனத்தில் வேகாஸ் சி பக்கத்திலும் டைஸ் நடுவிலும் நிற்கின்றன. ஓசோன் சி4, நைஷ் டார்ச், ஏருஷ் ரேசர் என்று இந்தப் பக்கத்துப் பெயர்கள் இன்னும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே பெயரில் வரும் கைட்டே ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெயரைக் கேட்டு வாங்குவதைவிட, அந்த ஆண்டு மாதிரியின் முச்சையையும் ஓரத்தையும் பார்த்து வாங்குவது மேல்.

இடையில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்சேய் கடலில் நடந்த கைட் போட்டியைப் பார்த்துவிட்டு அதேபோன்ற கைட் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது ஃபார்முலா கைட். நீருக்கடியில் இறக்கை வைத்த பலகையில் ஓடும் வேகப் பந்தயம். அவர்களுடைய கைட்டில் காற்றடைத்த குழாயே கிடையாது. பாராசூட் போல அறை அறையாகக் காற்றை வாங்கிப் பறப்பது. ஃப்ரீஸ்டைலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, யார் எதை வாங்குவது? பலருக்கு இது கசக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கொக்கியைக் கழற்றி ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு அசல் சி கைட் தேவையில்லை. முதல் பருவம் முழுக்க ராலி என்னும் அடிப்படைத் தாவலிலும், தொடர்ந்து எஸ்-பெண்டிலும்தான் கழியும். இவற்றில் பாரை முதுகுக்குப் பின்னால் மாற்றும் வேலையே இல்லை. அந்த அளவுக்குத் தளர்வும் வேண்டாம். அப்போது தேவைப்படுவது, நூறு முறை விழுந்தாலும் நூறு முறையும் உடனே எழும்பும் கைட். தண்ணீரில் கிடக்கும் கைட்டை எழுப்பவே பாதி நேரம் போனால் தாவிப் பழகுவது எப்போது? நடுத்தர ஓப்பன் சி ஒன்று இந்தக் கட்டத்துக்கு மட்டுமல்ல, இதற்குப் பிந்தைய ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கும் போதும். முதல் ஹேண்டில் பாஸ்களையும் அதிலேயே முடித்துவிடலாம். அதற்குமேல், எழும்பும்போதெல்லாம் கைட் தலைக்கு மேல் ஓடி வருகிறது, லைன் தளர மறுக்கிறது என்று உங்கள் கைக்கே தெரியத் தொடங்கும். அசல் சி கைட்டைப் பற்றி யோசிக்க அதுதான் சரியான சமயம். அது தெரியாமல் வாங்கினால் கைட் நம்மை ஓட்டும்.

உயரத் தாவலும் பிடிக்கும், எப்போதாவது ராலியும் போட்டுப் பார்ப்பேன் என்பவருக்கும் அதே நடுத்தரம்தான். ஐந்து குறுக்குக் குழாய்கள் கொண்டு நீண்டு ஒடுங்கிய, தாவலுக்கென்றே செய்யப்பட்ட கைட்டில் கொக்கி கழற்றிப் பழகுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது எழும்பியவரை விடாமல் மேலே இழுத்துக்கொண்டே போகும்.

வடிவத்துக்கு அடுத்தது அளவு. பலர் வடிவத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு அளவை ஒரு நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். ஃப்ரீஸ்டைல் என்பது பெரும்பாலும் 9 முதல் 12 சதுர மீட்டருக்குள் நடக்கும் விளையாட்டு. 14 மீட்டர் கைட் மெதுவாகத் திரும்பும். அதன் பாரமும் இழுவையும் தளர்வுக்கு இடம் தராது. 7 மீட்டருக்குக் கீழே போக வேண்டிய காற்று என்றால் தண்ணீர் கொந்தளித்திருக்கும், கைட்டும் துடுக்காக ஓடும். சுமார் 75 கிலோ எடையுள்ளவர் 18 முதல் 22 நாட் காற்றில் 10 மீட்டரை ஒட்டி எடுப்பது நல்ல தொடக்கம். எடை கூடக் கூட, காற்று குறையக் குறைய அளவை ஏற்றிக்கொள்ளலாம்.

இங்கே காற்றின் கணக்கு ஒன்று உண்டு. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 15 நாட் 20 நாட் ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறது. விசையோ முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். கொக்கியில் மாட்டியிருப்பவர் பாரைத் தள்ளி இதைச் சமாளிப்பார். கழற்றியவருக்குத் தள்ள இடமில்லை என்று பார்த்தோம். அதனால்தான் ஃப்ரீஸ்டைல்காரர்கள் சீரான காற்றும் தட்டையான நீரும் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். பிரேசிலின் சேரா மாநிலத்தில் கும்புகோவுக்கு அருகிலுள்ள கவுயிப்பி குளம், மேற்கு சஹாராவின் தாக்லா போன்ற இடங்கள் பெயர் பெற்றதும் இதனால்தான். நமக்கு அருகில் இலங்கையின் கற்பிட்டி. மே முதல் அக்டோபர் வரை சோளகம் வீசும் மாதங்களில் அங்கே களப்பின் பாதுகாப்பில் நீர் தட்டையாகக் கிடக்கும். காற்று விடாமல் வீசும். ஒரு 9, ஒரு 12 என்று இரண்டு கைட்டோடு போகிறவர் பெரும்பாலான நாட்களைச் சமாளித்துவிடலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 10. எந்த அளவு எடுத்தாலும், கொக்கி கழற்றும் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்த இழுவையோடு போவதே நல்லது. அதிக இழுவையில் நன்றாக எழும்பலாம் என்ற எண்ணம் உயரத் தாவலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கே எழும்புவது விளிம்பின் வேலை.

வேக்ஸ்டைல் பக்கம் வந்தால் தேவைகள் இன்னும் ஒரு படி மாறுகின்றன. படகோ கேபிளோ இழுக்க ஆடும் வேக்போர்டிங்கின் நடையை அப்படியே கைட்டுக்குக் கொண்டுவந்தது இது. காலில் பூட்ஸ் மாட்டி, நீரில் நிறுத்திய சறுக்குத் தண்டுகளின் மீதும் கிக்கர் என்னும் சரிவுகளின் மீதும் ஏறி இறங்குவார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் ஹாட்டரஸ் பகுதியில் நடந்துவந்த டிரிபிள் எஸ் போட்டியும், ஆரிகனில் கொலம்பியா ஆற்றங்கரையின் ஹூட் ரிவரும் இந்தப் பண்பாட்டின் முக்கிய இடங்கள். கைட்டை இங்கே இன்னும் தாழ்வாக வைக்கிறார்கள். தண்டின் மேல் சறுக்கும்போது பலகைக்கு நீரின் பிடிப்பு இல்லை. விளிம்பை அழுத்தி எதிர்த்து நிற்க முடியாது. கைட் சற்றுத் துள்ளினாலும் ஆளைத் தண்டிலிருந்து பக்கவாட்டில் இழுத்துத் தள்ளிவிடும். வேண்டியது ஒரே சீராக, படகைப் போல இழுக்கும் கைட். கொஞ்சம் மந்தமானதுகூடப் பரவாயில்லை. போட்டி ஃப்ரீஸ்டைலில் இரட்டை ஹேண்டில் பாஸுக்கு உயரம் வேண்டும் என்பதால் கொஞ்சம் தூக்கல் உள்ள கைட்டைப் பொறுத்துக்கொள்வார்கள். வேக்ஸ்டைலில் அதற்கு இடமில்லை. சி கைட்டுக்கு இன்னும் மறுக்க முடியாத தேவை மிஞ்சியிருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

துணி, குழாய், இழை பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். சுருக்கமாகச் சொன்னால், எழும்புவதற்கு முன் லைன்களில் ஏறும் பாரத்தில் கைட் நெளியக் கூடாது. அதற்கு விறைப்பான முன்விளிம்பு உதவும். அலூலா போன்ற புதிய துணிகள் எடையைக் குறைத்து விறைப்பைக் கூட்டுகின்றன, விலையையும் சேர்த்துத்தான். கற்றுக்கொள்பவருக்கு அந்தப் பணத்தில் இன்னொரு பயணம் போய் வருவது அதிகம் பயன்படும். கைட்டின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை காற்றடிக்காமல் அரைகுறையாக நிரப்பிவிட்டு, கைட் தொளதொளக்கிறது என்று குறை சொல்வது வேறு நடக்கிறது.

கைட்டைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், ஆனால் உடம்புக்கு அதிகம் சம்பந்தப்பட்டதும் பார்தான். ஃப்ரீஸ்டைல்காரர்கள் வழக்கமான 24 மீட்டர் லைனுக்குப் பதில் 20 முதல் 22 மீட்டர் வைத்துக்கொள்வது வழக்கம். லைன் குறைந்தால் கைட் சொன்னவுடன் கேட்கும். ஓடுவதற்கு இடம் குறைவதால் அதன் முரட்டு இழுவையும் அடங்கும். சிக்கன் லூப் பெரிதாக இருக்க வேண்டும். இறங்கிய வேகத்தில் கொக்கியில் மறுபடி மாட்ட அது உதவும். ஆபத்தில் கைட்டைக் கழற்றிவிடும் விடுவிப்புப் பொறிக்கென்று 2020ல் வந்த ஐஎஸ்ஓ 21853 தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

லீஷ் எனப்படும் பாதுகாப்புக் கயிற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரணமாக அது ஒற்றை முன் லைனோடு இணைந்திருக்கும். பாரை விட்டுவிட்டால் கைட் அந்த ஒற்றை லைனில் தொங்கி, இழுவையை இழந்து நீரில் விழும். பத்திரமான ஏற்பாடு, ஆனால் ஹேண்டில் பாஸ் தவறும்போதெல்லாம் கைட் விழும், லைனைச் சரிசெய்து எழுப்ப வேண்டும். இந்த அலுப்பைத் தவிர்க்கப் போட்டியாளர்கள் நீண்ட லீஷை ஹார்னஸின் பின்பக்கத்திலிருந்து சிக்கன் லூப்போடு இணைத்துக்கொள்கிறார்கள். பாரை விட்டாலும் கைட் விழாது. அதேசமயம், அதன் இழுவையும் முழுதாகக் குறையாது. கட்டுப்பாடில்லாத கைட் ஒன்று உங்களை இடுப்பில் கட்டி இழுத்துப் போகக்கூடும். தப்பிக்க லீஷின் விடுவிப்பை எட்டிப் பிடிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத் தற்கொலை லீஷ் என்ற பட்டப்பெயர் கைட்காரர்களிடையே புழங்குவது விளையாட்டுக்கு இல்லை. ஹேண்டில் பாஸ் பழகாதவருக்கு இது தேவையே இல்லை. பழகியவரும் கரை, பாறை, மற்ற ஆட்கள் எல்லாம் காற்று தள்ளிச் செல்லும் பக்கத்தில் வெகுதூரத்தில் இருக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகப் பழைய கைட்டுகள். உயரத் தாவலுக்கு மவுசு கூடிவிட்டதால் சி கைட் செய்யும் நிறுவனங்கள் குறைந்துவிட்டன. பழையவை மலிவாகக் கிடைக்கின்றன. துணி மொறமொறப்பு போய்த் துவண்டிருக்கிறதா, முன்விளிம்புத் தையல் பிரிகிறதா, முச்சையில் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. லைன்களை அளந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. முன் லைன்கள் அதிகப் பாரம் சுமப்பதால் காலப்போக்கில் நீண்டுவிடும்; அப்போது பின் லைன்கள் ஒப்பீட்டளவில் குட்டையாகி, கொக்கி கழற்றியதும் எந்தக் கைட்டும் பின்னால் சரியும். நான்கு லைன்களின் நுனியையும் ஒரே கம்பத்தில் மாட்டி, முன் லைன்களின் நீளத்தைச் சரிசெய்யும் டிரிம் பட்டையை முழுதாகத் தளர்த்தி, பாரைச் சிக்கன் லூப் வரை உள்ளே இழுத்துப் பிடித்தால் நான்கும் ஒரே அளவில் விறைக்க வேண்டும். விறைக்காவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு கடலில், கொக்கியிலிருந்து கழற்றும் முன் பாரை முழுதாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கைட் பின்னால் சரிந்தால் டிரிம் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சரிவது நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். இதைச் செய்துபார்க்காமலே கைட் சரியில்லை என்று விற்றுவிட்டவர்களின் கைட் சில சமயம் நல்ல விலைக்குக் கிடைக்கும்.